சாவியோடு வந்தவர்கள்: சேலம்–ஏற்காடு அலுவலகத் தொலைபேசியில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா தன் செல்போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, காலைல வந்ததுல இருந்து ஒரு கால்கூட வெளிய போகலைங்க. எந்த நம்பர் போட்டாலும் பிஸி டோன்தான். ஏற்காட்டுக்குப் போட்டா மட்டும் பேச முடியுது."

உள்ளுக்குள் பேச முடிகிறது, வெளியே போகவில்லை என்றால் முதலில் எஸ்ஐபி டிரங்க் மேல்தான் சந்தேகம் போகும். எஸ்ஐபி என்பது ஐபி வலையில் கால்களைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை; நம் போன் சர்வரைத் தொலைபேசி நிறுவனத்தோடு இணைப்பது இந்த டிரங்க்தான். அன்று சூரமங்கலத்தில் வேறு வேலையில் இருந்தேன். ஐந்து ரோடு நெரிசலைக் கடந்து அஸ்தம்பட்டி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரையைப் பார்த்தால் டிரங்க் நன்றாகத்தான் இருந்தது. அதன் பத்து சேனல்களிலும் கால் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் கையிலும் ரிசீவர் இல்லை.

பத்து கால்களும் 217 என்ற ஒரே எக்ஸ்டென்ஷனிலிருந்து, எனக்குத் தெரியாத நாட்டு எண்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 217 என்பது ஏற்காடு எஸ்டேட் ஸ்டோர் ரூமில் இருக்கும் போன். சர்வரில் அது பதிவாகியிருந்த ஐபி முகவரியோ வெளிநாட்டைச் சேர்ந்தது. கால்களை வெட்டினேன், 217-ஐ முடக்கினேன், தொலைபேசி நிறுவனத்தை அழைத்து ஐஎஸ்டியை உடனே நிறுத்தச் சொன்னேன். இவ்வளவும் பத்து நிமிட வேலை. சனிக்கிழமை இரவிலிருந்து அது நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அலுவலகம் பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் முன்புதான் இந்த இடத்தின் பராமரிப்பை ஏற்றிருந்தேன். சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட், அதிலேயே விருந்தினருக்குச் சில அறைகள், கீழே அஸ்தம்பட்டியில் அலுவலகம். காப்பிக்கொட்டை வெளிநாட்டுக்குப் போவதால் ஐஎஸ்டி திறந்திருந்தது. அலுவலகத்தில் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் போன் சர்வர். மலையில் பதினான்கு ஐபி போன்கள். விருந்தினர் அறைகளில் பழைய இரட்டைக் கம்பி போன்கள், அவற்றைச் சர்வரோடு இணைக்க எட்டு போர்ட் அனலாக் கேட்வே ஒன்று. இரண்டு இடத்துக்கும் நடுவே ஃபைபர்.

ஒரு வருடமாக அவர்களுக்கு ஒரே குறை. மலையிலிருந்து பேசினால் நடுவில் கட் ஆகிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு முன்பு பார்த்தவர் கண்காணிப்பு வசதி போட்டார். அந்த வசதிதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி.

கீறல் இல்லாத பூட்டு

போன் சர்வரை இணையத்தில் திறந்து வைத்தால் எஸ்ஐபி போர்ட் 5060-ஐத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் நாள் முழுக்க வரும். சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகிலும் அதுதான் நிறைந்திருந்தது. 100, 101, 1000 என்று எக்ஸ்டென்ஷன்களை ஊகித்து, தவறான பாஸ்வேர்ட் போட்டு, தடுப்புப் பட்டியலுக்குப் போன முகவரிகள் ஆயிரக்கணக்கில். 217-க்கு மட்டும் ஒரு தோல்விகூட இல்லை. வெளியிலிருந்து அதற்கு வந்த முதல் முயற்சியே வெற்றி.

இதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டை நெம்பியிருந்தால் கீறல் இருக்கும். இங்கே கீறலே இல்லை, சாவியோடு வந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டும் எளிதானது அல்ல. பதினாறு எழுத்து, எந்தச் சொல்லும் கிடையாது. ஊகித்து வருகிற சங்கதி இல்லை.

அப்படியானால் எங்கிருந்து எடுத்தார்கள்? அது இருந்த இடங்கள் மூன்றுதான். ஒன்று ஏற்காட்டுப் போனுக்குள். இன்னொன்று சர்வரின் கோப்பில். மூன்றாவது இடம் எனக்கு அப்போது தெரியாது.

ரூட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் போர்ட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது யுடிபி 161 திறந்திருந்தது. எஸ்என்எம்பி, அதாவது கருவிகளின் நிலையை வலை வழியாகக் கேட்டுப் படிக்கும் நெறிமுறை. எந்த முகவரியிலிருந்து கேட்டாலும் நேரே போன் சர்வருக்குப் போகும்படி. என் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அலுவலக வலையிலிருந்து பிரித்து, முழுக்க வெளியாளாக நின்று, 'பப்ளிக்' என்ற சொல்லோடு கேட்டேன். உடனே பதில் வந்தது. சர்வரின் பெயர், லினக்ஸ் பதிப்பு, கெர்னல் எண். எஸ்என்எம்பி தகவல்களை எண்ணிட்ட கிளைகளாக ஒரு மரம்போல அடுக்கி வைத்திருக்கும். பிறகு அந்த மொத்த மரத்தையும் வரிசையாகப் படிக்கச் சொன்னேன். நெட்வொர்க் கார்டுகள், ரூட்டிங் அட்டவணை, உள்வலையில் இருக்கும் முகவரிகள், நிறுவியிருக்கும் மென்பொருள் பட்டியல் என்று திரை ஓடியது.

1.3.6.1.2.1.25.4.2.1.5 என்ற கிளையில் நின்றேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும் எந்த உள்ளீடுகளோடு தொடங்கினார்கள் என்பதைக் காட்டும் கிளை அது. அதில் ஒரு வரி: ஏற்காடு லைனைச் சோதிக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதன் பக்கத்தில் 217, அதன் பக்கத்தில் அந்தப் பதினாறு எழுத்து.

அக்கா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம ஸ்டோர் ரூம் நம்பர்தானுங்களே தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

முன்பிருந்தவர் ஏற்காடு லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, 217 போலவே சர்வரில் நுழைந்து சோதிக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டிருந்தார். பாஸ்வேர்டை அதற்குக் கட்டளை வரியிலேயே கொடுத்திருந்தார். சர்வரில் எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிரலான ஏஜென்ட், யார் கேட்டார்கள் என்று லாக் எழுதும்படி அமைக்கப்படவில்லை. ஆகவே இதே வழியில்தான் எடுத்தார்கள் என்று கோர்ட்டில் நிற்கும் சான்று என்னிடம் இல்லை. ஆனால் மூன்று இடங்களில் இது ஒன்றுதான் உலகத்துக்கே தெரிந்துகொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவருடைய கண்காணிப்பு சர்வர் அவர் வீட்டில் இருந்தது. வீட்டு இணைப்பின் ஐபி அடிக்கடி மாறும். குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் திறக்க முடியாததால் எல்லாருக்கும் திறந்தார். படிக்க மட்டும்தானே அனுமதி, எழுத முடியாதே என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பு நம் தொழிலில் நிறையப் பேரிடம் இருக்கிறது. என்னிடமும் இருந்தது.

'படிக்க மட்டும்' என்பதற்குள் என்ன இருக்கிறது

எஸ்என்எம்பியின் முதல் பதிப்புக்கான தரநிலை 1990-இல் ஆர்எஃப்சி 1157 என்ற இணையத் தரநிலை ஆவணமாக நிலைபெற்றது. அதில் பாதுகாப்பு என்பது கம்யூனிட்டி ஸ்ட்ரிங் என்ற ஒரே ஒரு சொல். பெரும்பாலான கருவிகளில் படிக்க 'பப்ளிக்', எழுத 'பிரைவேட்' என்றே வரும். அந்தச் சொல் மறைக்கப்படாமல் அப்படியே வலையில் போகும். இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிற 2சி பதிப்பிலும் இதே நிலைதான். சொல்லை மாற்றி வைத்தாலும், வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அது வெளிச்சம். இது ஓடும் யுடிபி முறையில் அனுப்புநர் யார் என்று முதலில் உறுதிசெய்வதில்லை என்பதால், அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சிறிய கேள்வி கேட்டு, பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்டும் தாக்குதலுக்கும் இப்படித் திறந்த சர்வர்கள் பயன்படும்.

மூன்றாம் பதிப்பின் தரநிலை 2002 டிசம்பரில் ஆர்எஃப்சி 3411 முதல் 3418 வரை முழுமையாக வந்தது. பயனர் பெயர், அடையாளச் சரிபார்ப்பு, மறையாக்கம் எல்லாம் அதில் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் 2சி-யிலேயே நிற்கிறோம் என்றால், அதற்கு மூன்றை அமைப்பது கொஞ்சம் சிடுக்கானது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போன் சர்வரில் விஷயம் இன்னும் கடுமை. ஆஸ்டரிஸ்குக்கு எஸ்என்எம்பி மரத்தில் 1.3.6.1.4.1.22736 என்று தனிக் கிளை இருக்கிறது. எத்தனை கால் ஓடுகிறது என்ற எண் அதில் வரும், அது நமக்கு வேண்டியதுதான். ஆனால் அதே கிளையில் சேனல் அட்டவணையும் இருக்கிறது. இந்த நிமிடம் எந்த எண்ணிலிருந்து கால் வந்திருக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷனோடு பேசுகிறார்கள் என்பது வரை அதில் தெரியும். காப்பி வாங்குபவர் யார், எப்போது விலை பேசினார் என்பது வியாபார ரகசியம். அதைக் கதவில் எழுதி ஒட்டியதுபோல வைத்திருந்தோம்.

மறுபடி கட்டியது

உடனடி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா எக்ஸ்டென்ஷன், டிரங்க் பாஸ்வேர்டுகளையும் மாற்றினோம். 5060-ஐ தொலைபேசி நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் விட்டோம். வெளியிலிருந்து செல்போனில் எக்ஸ்டென்ஷன் வைத்திருந்த நான்கு பேரை வயர்கார்டு விபிஎன் என்ற மறையாக்கம் செய்த தனிப் பாதை வழியாக வரச் சொன்னோம். ஐஎஸ்டி இப்போது மூன்று மேசைகளுக்கு, அலுவலக நேரத்தில், அவர்கள் வியாபாரம் செய்யும் நாடுகளுக்கு மட்டும். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தகவல் கொடுத்தோம். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி இப்படிப்பட்ட ஊடுருவலைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சின்ன அலுவலகம்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். விடாதீர்கள்.

அந்தச் சோதனை ஸ்கிரிப்டை அழித்தேன். ஒரு போன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எஸ்ஐபியிலேயே ஆப்ஷன்ஸ் என்ற செய்தி இருக்கிறது. ஆஸ்டரிஸ்கே அதை அனுப்பிப் பதில் பார்த்துக்கொள்ளும், பாஸ்வேர்டே வேண்டியதில்லை.

பிறகு கண்காணிப்பு. எடுத்து எறிந்துவிடலாம் என்றார் முதலாளி. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டால் மலையில் லைன் ஏன் அறுகிறது என்பது இன்னும் ஒரு வருடம் தெரியாமலே போகும். ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஓடும் சர்வர் ஒன்றை அலுவலகத்துக்குள்ளேயே வைத்தோம். போன் சர்வர், ஸ்விட்ச், கேட்வே இவற்றின் நிர்வாக முகவரிகளைத் தனி வி-லானில், அதாவது அதே கம்பியில் பிரித்து வைத்த தனி வலையில் வைத்தோம். எஸ்என்எம்பி ஏஜென்ட் அந்த வி-லானின் முகவரியில் மட்டும் காது கொடுக்கும், ஃபயர்வால் ஜாபிக்ஸ் முகவரியிலிருந்து வரும் 161-ஐ மட்டும் விடும். வெளியிலிருந்து நான் பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு. சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே ஸ்கேனருக்குத் தெரியாது.

மூன்றாம் பதிப்பில் மூன்று நிலைகள் உண்டு. சரிபார்ப்பும் இல்லை மறையாக்கமும் இல்லை என்பது ஒன்று, சரிபார்ப்பு மட்டும் என்பது ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒன்று. கடைசியைத் தவிர வேறு எதையும் போட வேண்டாம். முதல் நிலையைப் போட்டுவிட்டு 'வி3 வைத்திருக்கிறோம்' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரிந்த யாரும் அதில் நுழைவார்கள். சரிபார்ப்புக்கு எஸ்எச்ஏ-256, மறையாக்கத்துக்கு ஏஇஎஸ்-128 போட்டோம். எம்டி5, டெஸ் என்ற பழைய, வலுவற்ற முறைகள் இரண்டும் பட்டியலில் இருக்கும், தொட வேண்டாம். பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. நாங்கள் இரண்டுக்கும் வெவ்வேறாக இருபத்து நான்கு எழுத்து வைத்தோம். ஏஜென்டை நிறுத்திவிட்டு அது தன் நிலையைச் சேமித்து வைக்கும் நிலைக்கோப்பில் பயனரை எழுதி மறுபடி தொடங்கினால், அது பாஸ்வேர்டைச் சாவியாக மாற்றிக்கொண்டு மூல எழுத்தை அழித்துவிடும். கட்டளை வரியில் தட்டினால், தட்டிய கட்டளைகளைச் சேமிக்கும் ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். அந்தப் பாடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதல்லவா.

எல்லாவற்றையும்விட முக்கியம் பார்வை வரம்பு. படிக்கும் உரிமை கொடுக்கும்போது மரம் முழுவதையும் கொடுக்காமல், வேண்டிய கிளைகளை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு கிளையையும் எதற்கு என்று கேட்டுத்தான் சேர்த்தோம். கருவியின் பெயரும் ஓடிய நேரமும் 1.3.6.1.2.1.1. இன்டர்ஃபேஸ் நிலையும் போக்குவரத்தும் 1.3.6.1.2.1.2, 1.3.6.1.2.1.31. நினைவகமும் சுமையும் 1.3.6.1.4.1.2021. ஆஸ்டரிஸ்கில் 22736-க்குக் கீழே 1.2 மட்டும். ஓடும் கால்களின் எண்ணிக்கை அதிலேயே வந்துவிடும், சேனல் அட்டவணை வராது. நிரல்களின் கிளை 25.4 பக்கமே போகவில்லை. அமைத்து முடித்து, ஜாபிக்ஸ் இயந்திரத்தில் உட்கார்ந்து, சரியான பயனரும் பாஸ்வேர்டும் கொடுத்தே அந்தக் கிளையைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றது. அந்தப் பதிலைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு சீரானது.

ஓடும் கால்களின் எண்ணிக்கைக்கு ஓர் எச்சரிக்கையும் வைத்தோம். இரவு எட்டுக்கு மேல் மூன்றைத் தாண்டினால் என் செல்போனும் முதலாளி செல்போனும் அடிக்கும். அந்தச் சனிக்கிழமை இது இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் பிடித்திருப்போம்.

நான் செய்த பிழை

மலையில் மாற்று சர்வர் ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்டார். அஸ்தம்பட்டி சர்வரையே நகல் எடுத்து ஏற்காட்டில் ஏற்றினேன். அன்றிலிருந்து ஜாபிக்ஸில் விநோதம். இது பச்சை என்றால் அது சிவப்பு, அது பச்சை என்றால் இது சிவப்பு. பாஸ்வேர்ட் சரி, ஃபயர்வால் சரி. பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் 'நேர வரம்புக்குள் இல்லை' என்ற மறுப்பு.

கடிகாரம் தவறு என்று நினைத்து ஒரு பகல் முழுக்க அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். வி3 பார்ப்பது சுவர்க்கடிகார நேரத்தை அல்ல. ஒவ்வொரு ஏஜென்டுக்கும் எஞ்சின் ஐடி என்ற தனி அடையாளம் உண்டு. அந்த எஞ்சின் எத்தனை முறை தொடங்கியது, தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பதைக் கேட்பவர் நினைவில் வைத்திருப்பார். 150 விநாடிக்கு மேல் பிசகினால் பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஏஜென்ட் நிராகரிக்கும். நகல் எடுத்தபோது எஞ்சின் ஐடியும் கூடவே வந்துவிட்டது. ஒரே அடையாளத்தோடு இரண்டு எஞ்சின்கள், இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு. பழைய ஐடியை நிலைக்கோப்பிலிருந்து நீக்கிப் புதிதாக உருவாக்கினேன். சாவிகள் எஞ்சின் ஐடியோடு பின்னித்தான் உருவாகின்றன என்பதால் பயனரையும் மறுபடி படைக்க வேண்டியிருந்தது. எஞ்சின் ஐடியை மாற்றாமல் நகல் எடுக்கும் எல்லாருக்கும் இது நேரும்.

கடிகாரத்தைத் திருத்திய அந்தப் பகல் முழு வீணும் அல்ல. கேட்வேயின் லாகு 5 மணி 30 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் இந்திய நேரத்துக்கு மாற்றவே இல்லை. லாகுகளை அடுக்கி வைத்துப் படிக்கும்போது இந்த ஐந்தரை மணி நேரம் ஆளைச் சுற்றவிடும்.

மலையில் இருந்த கேட்வே

அந்த அனலாக் கேட்வேக்கு வி3 தெரியாது. 2சி மட்டும்தான். மாற்றச் செலவாகும், அறை போன்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, இப்படி முடிவு செய்தோம். மலையிலேயே சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்றை, ஜாபிக்ஸ் சர்வருக்காக அங்கேயே தகவல் சேகரிக்கும் ப்ராக்ஸியாக வைப்பது. கேட்வேயும் அந்தப் பெட்டியும் மட்டும் ஒரு வி-லானில். 2சி பேச்சு இரண்டடிக் கம்பியைத் தாண்டி எங்கும் போகாது. கம்யூனிட்டி சொல்லை மாற்றி, எழுதும் அனுமதியை அணைத்தோம். பெட்டி தான் படித்ததை மறையாக்கம் செய்த இணைப்பில் கீழே அனுப்பும்.

ப்ராக்ஸிக்கு இன்னொரு நன்மை. லைன் அறுந்தால் படித்ததைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். தானாக வரும் அமைப்பில் ஒரு மணி நேரம்தான் சேமிக்கும். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து ஃபைபர் மேல் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகாது. 24 மணி நேரமாகக் கூட்டினோம்.

ஒன்பது நாளில் படம் தெளிவாகிவிட்டது. கேட்வே, ஸ்விட்ச் இரண்டின் 'ஓடிய நேரம்' ஒரே நிமிடத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. ஐபி போன்கள் பதினான்கும் அதே நிமிடத்தில் காணாமல் போய் மறுபடி பதிவாகியிருந்தன. ஒன்பது நாளில் ஏழு முறை. ஃபைபர் ரூட்டரோ ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு வருடமாகப் பழியை ஃபைபர் சுமந்துகொண்டிருந்தது, ஆனால் லைன் அறுந்ததே இல்லை. கரண்ட்தான் போயிருக்கிறது.

எஸ்டேட் ரைட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேபிள் அறையில் யூபிஎஸ் இருக்கிறதே, என்ன ஆயிற்று?

"அது பேட்டரி போயி விடாம கத்திட்டே இருந்துச்சுங்க சார். பக்கத்து ரூம் கெஸ்ட்டுங்க தூங்க முடியலன்னாங்க. அதான் அதைக் கழட்டி வெச்சிட்டு நேரா லைன்ல குடுத்துட்டோம். போன வருஷமே."

ஈபி போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடியில் ஸ்விட்ச் அணைந்து, அதிலிருந்து கரண்ட் வாங்கும் போன்கள் எல்லாம் அணைந்து எழுந்தன. ரூட்டருக்குத் தனியாக ஒரு குட்டி யூபிஎஸ் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது. புது பேட்டரி போட்டு, ஸ்விட்சையும் கேட்வேயையும் மறுபடி யூபிஎஸ்ஸில் கோத்தோம்.

மாதம் முதல் தேதி ஹாட்ஸ்பாட் போட்டு வெளியிலிருந்து 161-ஐத் தட்டிப் பார்க்கிறேன், பதில் வருவதில்லை. கேட்வே இன்னும் 2சி-யில்தான் இருக்கிறது. அடுத்த சீசன் முடிந்ததும் மாற்றலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று காலை பார்த்தபோது அது ஓடிய நேரம் 61 நாள்.